கண்ணாடித் தகட்டில் காய்ச்சல்

1993 மே மாதம். அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்களும் ஒரே புள்ளியில் சந்திக்கும் வறண்ட மேட்டுநிலம். அங்கே நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள் திடீர் திடீரென்று மூச்சுத் திணறி இறந்தார்கள். முதலில் சில நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கும். சாதாரண ஃப்ளூ என்றுதான் எவரும் நினைப்பார்கள். பிறகு ஒரே நாளுக்குள் நுரையீரல் முழுக்க நீர் கோத்துவிடும். முதலில் பாதிக்கப்பட்டவர்களில் பலர் நவஹோ பழங்குடியினர் என்பதால், பத்திரிகைகள் அந்த மக்களின் பெயரையே நோய்க்குச் சூட்டிப் பழி சேர்த்தன. சில வாரங்களில் உண்மைக் காரணம் தெரிந்தது. மான் எலி எனப்படும் காட்டெலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி மூச்சில் ஏறும்போது தொற்றும் ஒரு ஹான்டா வைரஸ் அது. பின்னாளில் அதற்கு சின் நோம்ப்ரே என்று பெயர் வைத்தார்கள். பிடித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிரிழக்கும் நோய்.

இந்த நோயில் டாக்டர்களுக்கு இருக்கும் அவகாசம் மணிக்கணக்கில்தான். எதிர்ப்புப் புரதச் சோதனையின் முடிவு வருவதற்குள் நோயாளி கைமீறிப் போய்விடலாம். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்து ரத்தவியலாளர்கள் அதனால் ஆய்வகத்தின் மிகப் பழைய, மிக மலிவான சோதனையிடம் திரும்பினார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தைத் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் சோதனை. ஐந்து அடையாளங்களை அவர்கள் குறித்துக்கொண்டார்கள். தட்டணுக்கள் குறைந்திருக்கும். எலும்பு மஜ்ஜைக்குள் இருக்க வேண்டிய முதிராத நியூட்ரோஃபில்கள், மைலோசைட் பருவம் வரைக்கும், ரத்தத்தில் வந்திருக்கும். ஆனால் பாக்டீரியா தொற்றில் அவற்றுக்குள் தெரியும் தடித்த கருநீலத் துகள்கள் இருக்காது. ரத்தம் கெட்டிப்பட்டிருக்கும். லிம்போசைட்டுகளில் 10 சதவீதத்துக்கு மேல் இம்யூனோபிளாஸ்ட் எனப்படும் பெரிய, ஆழ்ந்த நீல நிற அணுக்களாக இருக்கும். 2001இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, இந்த ஐந்தில் நான்கு இருந்தால் நோயைக் கண்டுபிடிக்கும் திறன் 96 சதவீதம். நோய் இல்லாதவரை இல்லை என்று சொல்லும் திறன் 99 சதவீதம். தீவிர சிகிச்சை தேவைப்பட்ட ஒரு நோயாளியைக்கூட இந்த முறை தவறவிடவில்லை.

அந்த ஐந்து அடையாளங்களில் ஒன்றுகூட வைரஸ் அல்ல. ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடிந்த எல்லை ஏறக்குறைய 200 நானோமீட்டர்; ஹான்டா, இன்ஃப்ளூயன்சா, கொரோனா வைரஸ்கள் எல்லாம் அதற்கும் சிறியவை. ஸ்லைடில் தெரிந்தவை அத்தனையும் நோயாளியின் உடல் பட்ட பாடு. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து நீர் வெளியேறியதால் ரத்தம் கெட்டிப்பட்டது. மஜ்ஜை அவசரப்பட்டதால் முதிராத அணுக்கள் வெளியே வந்தன. இவை ஒன்றாகச் சேர்ந்து வரும் விதம் வேறு நோய்களில் அரிது என்பதால் அந்த ஒரு நோயில் ஸ்மியரே கிட்டத்தட்ட நோயின் பெயரைச் சொல்லிவிட்டது. மூச்சு வழி வரும் மற்ற வைரஸ் தொற்றுகளில் அது இவ்வளவு தூரம் பேசுவதில்லை. அவற்றில் ஸ்மியர் சொல்வது வேறு: நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, உடல் தாக்குப்பிடிக்கிறதா, வேறொரு நோய் உள்ளே ஒளிந்திருக்கிறதா. இந்த மூன்று கேள்விகளுக்கும் அதனால் பதில் தர முடியும். அந்தப் பதிலை அன்றாட மருத்துவம் முழுதாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை.

முதலில் அந்தத் தகட்டைப் பற்றி. 1891இல் ரஷ்யாவில் ரோமனோவ்ஸ்கி, மெத்திலீன் நீலத்தையும் ஈயோசினையும் கலந்து மலேரியா கிருமிக்கும் ரத்த அணுக்களுக்கும் ஒருசேர நிறம் ஏற்றினார். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் 1901இல் அதை எளிமையாக்கினார். தமிழ்நாட்டின் ஊர் லேப்களில் இன்றைக்கும் அலமாரியில் இருப்பது பெரும்பாலும் அந்த லீஷ்மன் சாயம்தான். விரல் நுனியிலோ, ரத்தம் உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயிலோ இருந்து ஒரு துளி. இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் மெல்லிய படலம். காய்ந்ததும் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம். பிறகு அதைப்போல் இரு மடங்கு பஃபர் நீர் சேர்த்துப் பத்து நிமிடம். பார்க்க வேண்டிய இடம் படலத்தின் வால் முனைக்குச் சற்று முன்னே, சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகப் பரவிக் கிடக்கும் பகுதி. அங்கே ஆயில் இம்மர்ஷன் லென்ஸை வைத்து, நூறு வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணுகிறார் டெக்னீசியன்.

நலமாக இருக்கும் பெரியவருக்கு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வெள்ளணுக்கள். அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில், ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை லிம்போசைட். சிறு குழந்தைகளில் இந்தக் கணக்கு தலைகீழ்; நாலைந்து வயது வரைக்கும் லிம்போசைட்டுகள்தான் அதிகம். பெரியவரின் அளவுகோலை மூன்று வயதுக் குழந்தையின் ரிப்போர்ட்டில் வைத்து, 'லிம்போசைட் ஏறியிருக்கிறது, வைரஸ்தான்' என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ரத்தத்தில் வைரஸின் முதல் அடையாளம் பெரும்பாலும் ஒரு குறைவு. 1918 பெருந்தொற்றின்போது நோய்க்குக் காரணம் வைரஸ் என்றே எவருக்கும் தெரியாது. ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் கண்ட பாக்டீரியாதான் இன்ஃப்ளூயன்சாவின் மூலம் என்று பலர் நம்பிய காலம். மனித இன்ஃப்ளூயன்சா வைரஸ் பிடிபட்டது 1933இல்தான். ஆனாலும் அன்றைய டாக்டர்களிடம் நுண்ணோக்கியும் அணு எண்ணும் கண்ணாடிக் குழலும் இருந்தன. அவர்களுக்குப் பழக்கமான நிமோனியாவில் வெள்ளணு எண்ணிக்கை இருபதாயிரம், முப்பதாயிரம் என்று ஏறும். இந்த நோயாளிகளிலோ நுரையீரல் அடைத்து முகம் நீலம் பாரித்த நிலையிலும் எண்ணிக்கை ஏறாமல் நின்றது. சிலரில் இயல்புக்கும் கீழே இறங்கியது. இது வழக்கமான பாக்டீரியா நிமோனியா இல்லை என்பதற்கான துப்பு அந்தக் காலத்து ஸ்லைடுகளிலேயே இருந்தது.

2003இல் சார்ஸ் ஹாங்காங்கைத் தாக்கியபோது அதே துப்பு இன்னும் அழுத்தமாக வெளிப்பட்டது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 157 நோயாளிகளில் 98 சதவீதத்தினருக்கு நோயின் ஏதோ ஒரு கட்டத்தில் லிம்போசைட்டுகள் சரிந்தன; பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தட்டணுக்களும் குறைந்தன. மறு ஆண்டு வியட்நாமில் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டவர்களிடமும் லிம்போசைட், தட்டணு இரண்டும் விழுந்திருந்தன. பிறகு வந்தது கோவிட்-19. சீனாவின் 552 மருத்துவமனைகளிலிருந்து 1,099 நோயாளிகளைத் தொகுத்து 2020 பிப்ரவரியில் வெளியான ஆய்வில், சேர்க்கையின்போதே லிம்போசைட் குறைந்திருந்தவர்கள் 83.2 சதவீதம். அதற்குச் சில வாரம் முன்பு வூஹானின் முதல் 41 நோயாளிகளைப் பற்றி வந்த அறிக்கையில் இந்த எண் 63 சதவீதம். நோய் ஒன்றே, ஆனால் பெரிய ஆய்வில் 1,500க்குக் கீழே வந்தாலே குறைவு என்று கொண்டார்கள், சிறிய ஆய்வில் 1,000க்குக் கீழே. வாட்ஸ்ஆப்பில் சுற்றிய சதவீதங்களை ஒப்பிட்டுப் பதறியவர்களுக்கு இந்த விவரம் போய்ச் சேரவில்லை.

லிம்போசைட்டுகள் எங்கே போகின்றன? செத்துப்போகின்றன என்பது பாதி உண்மைதான். ரத்தத்தில் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருப்பவை உடலின் மொத்த லிம்போசைட்டுகளில் மிகச் சிறு பங்கு. மற்றவை நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், குடல் சுவர், மஜ்ஜை ஆகியவற்றில் இருக்கின்றன. வைரஸ் நுழைந்ததும் உடல் இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. அது லிம்போசைட்டின் மேற்பரப்பில் சி.டி.69 என்ற புரதத்தை முளைக்க வைக்கிறது. நிணநீர்க் கணுவை விட்டு வெளியேற அணுவுக்கு வழிகாட்டும் ஏற்பியை இந்தப் புரதம் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறது; அணு கணுவிலேயே தங்கிவிடுகிறது. கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 2006இல் இதை எலிகளில் நிறுவினார்கள். வைரஸை அடையாளம் காண வேண்டிய இடத்திலேயே அணுக்களை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இது. லேசான ஃப்ளூவில் இரண்டு மூன்று நாள் லிம்போசைட் குறைந்து, பிறகு தானாகவே மீள்வதற்கு இதுவே பெரும் காரணம். அந்தக் குறைவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கடும் நோயில் வேறு கதைகள் சேர்கின்றன. உடல் நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால் லிம்போசைட்டுகளைக் கொல்கிறது. அழற்சிப் புரதங்களும் அதே வேலையைச் செய்கின்றன. கோவிட்-19இல் இறந்தவர்களின் மண்ணீரலையும் நிணநீர்க் கணுக்களையும் பிணக்கூறு ஆய்வில் பார்த்தபோது, பி லிம்போசைட்டுகள் பயிற்சி பெறும் மையங்கள் அழிந்திருந்தன. மூச்சுக் காற்றில் பரவும் தட்டம்மை இன்னும் ஒரு படி மேலே: அந்த வைரஸ் லிம்போசைட்டுக்குள்ளேயே நுழைந்து பெருகி, பழைய நோய்களை நினைவில் வைத்திருந்த அணுக்களை அழிக்கிறது. தட்டம்மை ஆறிய பிறகும் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுக் கணக்கில், குழந்தைகள் மற்ற தொற்றுகளுக்கு எளிதில் ஆளாவது இதனால்தான். ஆக, ரிப்போர்ட்டில் 'லிம்போசைட் 12 சதவீதம்' என்று ஒரே எண்ணாக வருவதற்குப் பின்னே மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் இருக்கலாம். எது நடக்கிறது என்பதை அந்த ஒரு நாளின் எண் சொல்லாது. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் எட்டாம் நாளும் எடுத்த எண்கள் ஏறுகின்றனவா, இறங்கிக்கொண்டே போகின்றனவா என்பதுதான் சொல்லும்.

குறைவுக்கு அடுத்தபடி வருவது உருமாற்றம். நுண்ணோக்கிக்கு முன் உட்காருபவருக்கு உண்மையான விருந்து இதுதான். சாதாரண லிம்போசைட் சிவப்பணுவைவிடச் சற்றே பெரியது. உருண்டையான, இறுகிய உட்கரு. அதைச் சுற்றி இழையளவு நீலம். வைரஸுக்கு எதிராகக் கிளம்பிய லிம்போசைட், அதாவது ரியாக்டிவ் லிம்போசைட், வேறு ஆள். இரண்டு மூன்று மடங்கு பருத்திருக்கும். உட்கருவின் இறுக்கம் தளர்ந்து, சிலவற்றில் உள்ளே உட்கருமணி தெரியும். வெளிர் நீலத்தில் அகன்று பரந்த சைட்டோபிளாசம், பக்கத்தில் இருக்கும் சிவப்பணுக்களைத் தள்ளாமல், ஓடும் நீர் கல்லைச் சுற்றி வளைவதுபோல அவற்றின் விளிம்போடு ஒத்து வளைந்திருக்கும். வளையும் ஓரத்தில் நீலம் அடர்ந்திருக்கும். ஒருமுறை நன்றாகப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

இதன் வரலாறு ரத்தப் புற்றுநோயோடு பின்னிக் கிடக்கிறது. 1920இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஸ்ப்ரன்ட், எவன்ஸ் என்ற இருவர், காய்ச்சலும் கழுத்துக் கணு வீக்கமும் வந்து தாமாகவே குணமான ஆறு இளைஞர்களை விவரித்தார்கள். அவர்களுடைய ரத்தம் முழுக்கப் பெரிய, விசித்திரமான ஒற்றை உட்கரு அணுக்கள். அதற்கு முன்பு இத்தகைய நோயாளிகள் 'குணமான கடும் லுக்கேமியா' என்று பதிவாகியிருந்தார்கள். 1923இல் டவுனியும் மக்கின்லேயும் இந்த அணுக்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். நோய்க்குக் காரணம் எப்ஸ்டீன்–பார் வைரஸ் என்பது 1968இல்தான் தெளிவானது. ஃபிலடெல்ஃபியாவில் அந்த வைரஸை ஆராய்ந்துவந்த ஹென்லே தம்பதியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த டெக்னீசியனுக்கே நோய் வந்தது; அதற்கு முன்பு எதிர்ப்புப் புரதம் இல்லாத அவருடைய ரத்தத்தில், நோய்க்குப் பிறகு அது தோன்றியது. வைரஸ் புகுந்துகொள்வது பி லிம்போசைட்டுகளுக்குள். ஆனால் ஸ்லைடில் பருத்துத் தெரிபவை பெரும்பாலும் அந்த பி அணுக்களைக் கொல்லக் கிளம்பிய சி.டி.8 வகை டி லிம்போசைட்டுகள். நோயுற்ற அணு என்று நூறாண்டுக்கு முன்பு அஞ்சியது உண்மையில் காவல் அணுவாக இருந்தது.

இன்றைக்கும் இந்தக் குழப்பம் உயிரோடு இருக்கிறது. காய்ச்சல் வந்த ஒரு பிள்ளையின் ஸ்மியரில் ரியாக்டிவ் லிம்போசைட்டுகளைக் கண்டு, லுக்கேமியாவின் முதிராத அணுவான 'பிளாஸ்ட்' என்று எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் தூக்கமில்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடும். மறுபக்கம், உண்மையான பிளாஸ்டை வைரஸ் என்று தள்ளிவிட்டால் லுக்கேமியாவுக்கான பொன்னான நாட்கள் போய்விடும். பிரித்தறிய ஒரு வழி உண்டு: வைரஸ் தொற்றில் அணுக்கள் பல தினுசாக இருக்கும், சிறிதும் பெரிதும் வெளிறியதும் அடர்ந்ததுமாக. லுக்கேமியாவில் ஒரே அச்சில் வார்த்தவை திரும்பத் திரும்ப வரும். கூடவே ரத்தசோகையும் தட்டணுக் குறைவும் இருப்பது வழக்கம். ஐயம் இருந்தால், அணுக்களின் மேற்பரப்புப் புரதங்களைக் கொண்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி.

கோவிட்-19 வந்தபோது உலகம் முழுக்க ரத்தவியலாளர்கள் ஒரே வைரஸின் ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அதற்கு முன் எந்தச் சுவாச நோய்க்கும் இப்படி ஒரு வாய்ப்பு அமைந்ததில்லை. சிங்கப்பூர் டாக்டர்கள் 2020 தொடக்கத்திலேயே சிலரின் ரத்தத்தில் பிளாஸ்மா அணுவின் சாயலுள்ள லிம்போசைட்டுகளைக் கண்டு எழுதினார்கள்: உட்கரு ஓரமாக ஒதுங்கி, ஆழ்ந்த நீலத்தில், உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு வெளிர் திட்டு. துகள்கள் நிறைந்த பெரிய லிம்போசைட்டுகள், குமிழிகள் பொங்கிய மோனோசைட்டுகள் என்று பட்டியல் வளர்ந்தது. இதற்கென்றே 'கோவிசைட்' என்ற பெயரைக்கூடச் சிலர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவசரப்பட்டது. அதே வடிவங்கள் டெங்குவிலும் எப்ஸ்டீன்–பார் தொற்றிலும் சைட்டோமெகலோ வைரஸிலும் வருகின்றன.

கூடுதல் வியப்பு நியூட்ரோஃபில்களில்தான் இருந்தது. வைரஸ் என்றால் லிம்போசைட், பாக்டீரியா என்றால் நியூட்ரோஃபில் என்பது பாடப்புத்தகப் பிரிவினை. கடுமையான கோவிட்டில் அது உடைந்தது. முதிர்ந்த நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று முதல் ஐந்து மடல்களாகப் பிரிந்திருக்கும். இந்த நோயாளிகளில் மடல் பிரியாத, வளைந்த குச்சி போன்ற உட்கருக்கள் பெருகின. சிலவற்றில் இரண்டே மடல்கள், நடுவில் மெல்லிய இழை. 1928இல் டச்சு மருத்துவர் பெல்கர் கண்டு, பின்னர் ஹுயெட் பரம்பரைக் குணம் என்று காட்டிய தோற்றம் அது. இங்கோ பரம்பரையால் வராமல், தொற்றால் தற்காலிகமாக வந்திருந்தது. சில அணுக்களில் துகள்கள் தடித்துக் கறுத்திருந்தன, சிலவற்றில் துகள்களே இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தன. ஸ்கார்லெட் காய்ச்சலில் டோலே 1911இல் விவரித்த வெளிர் நீலத் திட்டுகளும் தென்பட்டன. மஜ்ஜை, பயிற்சி முடியாதவர்களை அவசரமாக வெளியே தள்ளுகிறது என்பதே இதற்கெல்லாம் பொருள். 2020இலேயே பெர்லினிலும் பானிலும் ஆய்வாளர்கள் ஒவ்வொரு அணுவின் மரபணு இயக்கத்தையும் தனித்தனியாகப் படித்தபோது, கடும் கோவிட்டில் முதிராத, செயல் குன்றிய நியூட்ரோஃபில்களும், கிருமியின் துண்டுகளை மற்ற அணுக்களுக்குக் காட்டும் புரதம் மங்கிய மோனோசைட்டுகளும் நிறைந்திருப்பதைக் கண்டார்கள். பல லட்ச ரூபாய்க் கருவி சொன்னதும் லீஷ்மன் சாயம் சொன்னதும் ஒரே திசையில் இருந்தன.

வெள்ளணுக்களில் இன்னொரு வகையான ஈசினோஃபில்களைப் பற்றியும் ஒரு சொல். வூஹானில் 140 நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வில் 52.9 சதவீதத்தினருக்கு ஈசினோஃபில் குறைந்திருந்தது. கடும் தொற்றில் ஈசினோஃபில் மறைவது பழைய செய்திதான். அது திரும்பி வருவது குணமாவதற்கான அடையாளம் என்பதை வார்டுகளில் பலர் மறுபடியும் கவனித்தார்கள்.

ஆனால் 2020 ஜூன் நடுப்பகுதிக்குப் பிந்தைய ஸ்லைடுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். டெக்சாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம் கொடுத்தால் ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளில் உயிரிழப்பு குறைகிறது என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு அப்போது அறிவித்தது. உலகமே அந்த மருந்துக்கு மாறியது. ஸ்டீராய்டு தன் பங்குக்கு நியூட்ரோஃபிலை ஏற்றும், லிம்போசைட்டை இறக்கும், ஈசினோஃபிலைத் துடைத்துவிடும். கோவிட்டின் கையெழுத்து என்று நம்பிய அதே மூன்று மாற்றங்கள்! எந்த ரத்தம் மருந்துக்கு முந்தையது, எது பிந்தையது என்று பிரிக்காமல் செய்த ஆய்வுகள் பல. அவற்றின் முடிவுகளைப் பாதிக்குப் பாதிதான் நம்பலாம்.

சிவப்பணு, தட்டணுக்களின் பங்கு சிறியது, ஆனால் புறக்கணிக்கக் கூடியதல்ல. அழற்சியில் புரதங்கள் ஏறும்போது சிவப்பணுக்கள் நாணய அடுக்குபோல் வரிசை கட்டும். குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் எதிர்ப்புப் புரதம் மைக்கோபிளாஸ்மா நிமோனியாவின் பழைய அடையாளம். எப்ஸ்டீன்–பார் தொற்றிலும் சில கோவிட் நோயாளிகளிலும் அது தோன்றியது. அப்படிப்பட்ட ரத்தத்தில், அணுக்களை எண்ணும் அனலைசர் கருவியின் எண்கள் தாறுமாறாகும். காரணத்தை ஸ்லைடு ஒரு பார்வையில் காட்டிவிடும். தட்டணுக்களில் பெரியவை கூடியிருந்தால் மஜ்ஜை புதிதாக உற்பத்தி செய்கிறது, வெளியே வேகமாகச் செலவாகிறது என்று கொள்ளலாம். நியூயார்க்கில் கோவிட் பிணக்கூறு ஆய்வுகளில், தட்டணுவை ஈனும் பேரணுக்களே நுரையீரலிலும் இதயத்திலும் அகப்பட்டுக் கிடந்தன.

சரி, எல்லாரும் கேட்கும் கேள்வி: 'வைரஸா, பாக்டீரியாவா?' மொத்த வெள்ளணு எண்ணிக்கையான டோட்டல் கவுண்ட்டை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்வது பிழைக்கு வழி. குழந்தைகளுக்கு வரும் அடினோ வைரஸ் அச்சு அசல் பாக்டீரியா போலவே நடந்துகொள்ளும். உயர்ந்த காய்ச்சல், தொண்டையில் வெள்ளைப் படலம், 15,000ஐத் தாண்டும் கவுண்ட், ஏறிய சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதம். தேவையில்லாத ஆன்டிபயாடிக் இங்கேதான் எழுதப்படுகிறது. எதிர்ப்பக்கத்தில் கக்குவான் இருமல் பாக்டீரியா நோய். ஆனால் ஏறுவது லிம்போசைட், சில கைக்குழந்தைகளில் 50,000க்கும் மேல். அந்தப் பாக்டீரியாவின் நச்சு, லிம்போசைட்டுகள் ரத்தத்தை விட்டுக் கணுக்களுக்குள் போக விடாமல் தடுக்கிறது. ஸ்லைடில் அவை பருத்திருக்காது. சிறியவை, உட்கருவில் ஆழமான பிளவோடு இருக்கும். எண்ணிக்கை ஏமாற்றும் இடத்தில் வடிவம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. டைஃபாய்டும் பாக்டீரியாதான், அதில் கவுண்ட் இறங்கியிருப்பதும் உண்டு. ரைனோ வைரஸ் போன்ற சாதாரணச் சளி வைரஸ்களோ ரத்தத்தில் பெரிய தடயம் எதையும் விடுவதில்லை.

அதற்கும் மேல் முக்கியமானது, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருவது. 1918இல் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட திசுக்களை மறுபடி ஆராய்ந்து 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியபடி, பெரும்பாலானோரின் முடிவுக்குக் காரணம் ஃப்ளூவைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியா. காய்ச்சல் தணிந்து இரண்டு நாள் தெம்பாக இருந்தவருக்கு மறுபடி காய்ச்சல் அடித்து, ஸ்மியரில் நியூட்ரோஃபில் ஏறி, அவற்றில் கருந்துகள்களும் குமிழிகளும் தோன்றினால், ஆன்டிபயாடிக்கைத் தாமதிக்கக் கூடாத நேரம் அதுவே.

நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்து வரும் விகிதம் கோவிட் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில்கூடப் பேசப்பட்டது. ஸ்லோவாக்கியாவின் தீவிர சிகிச்சை மருத்துவர் சாஹோரெட்ஸ் 2001இல் முன்வைத்த கணக்கு அது. பெய்ஜிங்கில் 61 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு இந்த விகிதம் 3.13ஐ எட்டினால் நோய் முற்றும் ஆபத்து கூடுதல் என்றது. செலவில்லாத, பயனுள்ள எச்சரிக்கை. ஆனால் ஸ்டீராய்டு, மன அழுத்தம், அறுவை சிகிச்சை, நெஞ்சு அடைப்பு எதுவும் அதை ஏற்றிவிடும்.

எண்ணுவதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். நூறு அணுக்களை எண்ணி அதில் பத்து ரியாக்டிவ் லிம்போசைட் கிடைத்தால், உண்மையான பங்கு ஏறக்குறைய 5 முதல் 18 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். இது தற்செயலின் கணக்கு, டெக்னீசியனின் தவறில்லை. நேற்று பத்து, இன்று பதினான்கு என்பதை நோய் முற்றியதாகப் படிக்கக் கூடாது. ரத்தம் பழையதானாலும் தொல்லை. ஈ.டி.டி.ஏ. குழாயில் பல மணி நேரம் கிடந்தால் மோனோசைட்டில் பொய்க் குமிழிகள் எழும், லிம்போசைட் உட்கரு மடிந்து வைரஸ் தொற்று போல் தோன்றும், தட்டணுக்கள் கொத்தாக ஒட்டி எண்ணிக்கை பொய்யாகக் குறையும். காலையில் கிராமத்துச் சேகரிப்பு மையத்தில் எடுத்து மாலையில் நகரத்து லேபுக்கு வரும் குழாயில் வடிவத்தைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. எடுத்த இடத்திலேயே ஒரு ஸ்லைடைத் தடவிக் காயவைத்துக் குழாயோடு அனுப்பினால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். அதற்கு ஆகும் செலவு ஒரு கண்ணாடித் தகடு.

சிறு ஊர்களில் இன்றைக்குப் பெரும்பாலும் இருப்பது த்ரீ பார்ட் அனலைசர். அது அணுக்களை அளவை வைத்து லிம்போசைட், நடுத்தர அணு, கிரானுலோசைட் என்று மூன்று குவியலாகப் பிரிக்கும். பருத்துப்போன ரியாக்டிவ் லிம்போசைட் அந்தக் கருவிக்கு நடுத்தர அணு. மோனோசைட்டும் அங்கேதான், பிளாஸ்ட்டும் அங்கேதான். 'மிட்' என்ற கட்டத்தில் எண் ஏறியிருந்தால் அது ஸ்லைடைப் பார் என்ற அழைப்பு. அதைப் பார்க்காமல் அச்சிட்டுக் கொடுக்கும் ரிப்போர்ட் நோயாளிக்கு இழைக்கும் அநீதி. வெள்ளணுக்களை ஐந்து வகையாகப் பிரிக்கும் ஃபைவ் பார்ட் கருவிகளில் சில முதிராத கிரானுலோசைட்டுகளைத் தனியே எண்ணிச் சொல்கின்றன. அவையும் ஐயம் வந்தால் கொடி காட்டுவதோடு சரி, தீர்ப்பு நுண்ணோக்கியில்தான்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் கூர்மையாகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஃப்ளூவும் டெங்குவும் ஒரே தெருவில் ஒரே வாரத்தில் வரும். இரண்டிலும் முதல் மூன்று நாள் வெள்ளணு குறைவு, உடம்பு வலி, காய்ச்சல். நாலாம் நாள் வாக்கில் பாதைகள் பிரிகின்றன. டெங்குவில் ரியாக்டிவ் லிம்போசைட்டுகள் ஸ்லைடு நிறையக் கூடும், தட்டணு சரியும், கசிவு தொடங்கினால், ரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் ஹீமட்டோகிரிட் ஏறும். ஃப்ளூவில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது அரிது. என்.எஸ்.1, ஆர்.டி.–பி.சி.ஆர். சோதனைகளுக்கு ஸ்மியர் மாற்றாகாது. அவை வரும்வரை யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரைப் படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பிரிக்க உதவும்.

அதற்கு ரிப்போர்ட்டில் சதவீதங்களுக்குக் கீழே இரண்டு மூன்று வரி வேண்டும்: காய்ச்சலின் எத்தனையாவது நாள் ரத்தம், ஸ்டீராய்டு தொடங்கியாயிற்றா, லிம்போசைட் சதவீதமாக மட்டுமில்லாமல் எண்ணிக்கையாக எவ்வளவு, ரியாக்டிவ் அணுக்கள் பல தினுசா ஒரே தினுசா, நியூட்ரோஃபிலில் கருந்துகள்கள் உண்டா, தட்டணு கொத்துகள் உண்டா, முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால் என்ன மாற்றம். ஐயம் இருந்தால் '48 மணி நேரத்தில் மறுபடி ஸ்மியர் பார்க்கவும்' என்ற குறிப்பும். முதல் நாள் பேர் தெரியாமல் நின்ற பல காய்ச்சல்களுக்கு அந்த இரண்டாவது ஸ்லைடிலேயே விடை கிடைக்கிறது.